சிக்னல் இல்லாத வீட்டில் 90 நாள்: டிராய் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தனி ஆளின் புகாரை டிராய் விசாரிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். முதலில் கம்பெனியின் புகார் மையம், அங்கே தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி என்று 2012ஆம் ஆண்டு விதிமுறை வழி வைத்திருக்கிறது. அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறேன். அதனால் கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. அதைத் திட்டவும் இந்த மடல் இல்லை. நான் கேட்பது நீங்கள் மட்டுமே செய்து தரக்கூடிய ஒன்று. நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறிய ஒருவருக்கு, மாறிய கம்பெனியில் வீட்டுக்குள் சிக்னலே இல்லை என்றால், மறுபடி மாற விதி கேட்கும் 90 நாள் காத்துக் கிடக்காமல் வெளியே வர வழி விடுங்கள்.

எங்கள் குடியிருப்பு பெரியபட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே, தென்கடலை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறேன். வங்கி, ஆதார், ரேஷன் கார்டு, கேஸ், மகளின் கல்லூரி என்று எல்லாம் ஒரே நம்பரில் வருஷக்கணக்காக ஓடுகிறது. ரீசார்ஜ் விலை ஏறிக்கொண்டே போனதால் வீட்டோடு கம்பெனி மாறினோம். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை போட்டு சிம் விற்றுக்கொண்டிருந்த தம்பியிடம் முதலில் கேட்டதே, "எங்க ஊர்ல எடுக்குமா தம்பி?" என்றுதான். அவர் செல்லில் கம்பெனியின் கவரேஜ் வரைபடத்தைத் திறந்து, எங்கள் ஊர் மேல் விரலை வைத்து, "பாருங்கக்கா, ஃபுல்லா இருக்கு" என்றார். உண்மைதான், ஊர் முழுக்க நிறம் பூசியிருந்தது. கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் பூசியிருந்தது.

மாறுகிற வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 1900க்கு ஒரு எஸ்எம்எஸ், பதிலுக்கு நாலு நாள் செல்லுபடியாகும் எட்டு எழுத்துப் போர்ட் கோடு, ஆதார், ஒரு போட்டோ, அவ்வளவுதான். 2011 ஜனவரியில் நாடு முழுக்க இந்த வசதி வந்தபோது பிடித்த நாட்களை நினைத்தால் இப்போது தேவலை. ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள், நமக்கு என்றால் தமிழ்நாட்டுக்குள், மாறினால் மூன்று வேலை நாளில் முடிக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் நீங்கள் அமல்படுத்திய விதி ஒழுங்காக வேலை செய்கிறது. உள்ளே நுழைவது சுலபம். சிக்கல் அதற்கு அப்புறம்.

புது சிம் உயிர் பெற்ற அன்றைக்கே வீட்டுக்குள் 'சேவை இல்லை' என்று வந்தது. சிக்னல் கோட்டை வைத்து முடிவு செய்யாதே, செல் தயாரிக்கும் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடும் என்று சொல்லி, மகள்தான் செட்டிங்கில் சிம் நிலை என்ற பகுதியைத் திறந்து காட்டினாள். அங்கே சிக்னல் பலம் டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாக வரும். 4ஜியில் மைனஸ் 90 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 120ஐத் தாண்டினால் அநேகமாக ஒன்றும் இல்லை. வாசல் வேப்பமரத்தடியில் மைனஸ் 108 காட்டியது. மிஷின் இருக்கும் முன்னறையில் மைனஸ் 119. அடுப்படியில் எண்ணே வரவில்லை. மொட்டை மாடியில் மைனஸ் 101. ஆக, என் செல்லுக்கு இப்போது இடம் மாடிப்படி ஜன்னல்தான். பாலிதீன் பையில் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்க விட்டிருக்கிறேன். மணி அடித்தால் மிஷினை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் நான் வேண்டுமென்றே எடுப்பதில்லை என்று நினைக்கிறார்கள்.

மகளிர் குழு விவரம் பதிய வரும் தங்கச்சியின் கதை இன்னும் மோசம். அவள் முன்னறையில் உட்கார்ந்து டேப்பில் என் நம்பரைப் போடுவாள். ஓடிபி என் செல்லுக்கு வர வேண்டும். "அக்கா, மாடிக்கு ஓடுங்க" என்பாள். எஸ்எம்எஸ் வருவதற்குள் நேரம் முடிந்திருக்கும். மறுபடி அனுப்பச் சொன்னால், பழைய ஓடிபியும் புது ஓடிபியும் சேர்ந்து வந்து எது எதுவென்று தெரியாது. இப்போது அவள் வரும் அன்றைக்கு மாடிப்படியிலேயே பாய் விரித்து விடுகிறோம்.

இதில் வேடிக்கை, கடலில் சிக்னல் இருக்கிறது. கரைக்குத் திரும்பும்போது வீட்டுக்காரர் படகிலிருந்து கூப்பிடுவார். மீன் என்ன பட்டிருக்கிறது, ஐஸ் எவ்வளவு வேண்டும், எந்த வியாபாரியிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு அழைப்பில்தான் முடிவாகும். தண்ணீரில் நிற்கும் அவருக்கு லைன் கிடைக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் நான்தான் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' இருப்பதாக அவருக்குப் பதில் வருகிறது. மீன் ஐஸ் இல்லாமல் காத்திருக்காது. ஒரு தடவை பக்கத்து வீட்டு ராத்தாவுக்குப் போன் போட்டு, அவர் ஓடி வந்து என்னிடம் சொன்னார். ராத்தா மாறவில்லை, பழைய கம்பெனியிலேயே இருக்கிறார்.

ஏன் இப்படி என்று கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புதுக் கம்பெனியின் கோபுரம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு நடுவே தென்னந்தோப்பு, கான்கிரீட் வீடுகள், தகரக் கொட்டகைகள். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரமும் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 1800, 2100, 2300 என்று மேலே போகப் போக வேகம் கொடுக்கலாம், ஆனால் சுவரில் அடிபட்டுத் தேய்ந்துவிடும். தகரத்தைத் தாண்டவே தாண்டாது. கடலிலோ மறைக்க எதுவும் இல்லை. 40 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து பார்த்தால், பூமியின் வளைவு மறைப்பதற்குள் 20 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் நேராகத் தெரியும். ஆண்டெனாவின் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் போதும். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குச் சுற்றுலா போகிறவர்களின் செல் இலங்கைக் கம்பெனியின் சிக்னலைப் பிடித்து, 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்று எஸ்எம்எஸ் காட்டுவதும் இதனால்தான். தலைமன்னார்க் கோபுரம் தனுஷ்கோடி மணலுக்குக் கேட்கிறது, சாலையோரக் கோபுரம் என் அடுப்படிக்குக் கேட்கவில்லை.

கம்பெனிக்கு 198இல் புகார் கொடுத்தேன். செல்லை அணைத்துப் போடுங்கள், சிம்மைக் கழற்றி மாட்டுங்கள், நெட்வொர்க் செட்டிங்கை ரீசெட் செய்யுங்கள் என்ற மூன்று மந்திரமும் முடிந்த பிறகு பின்கோடு கேட்டார்கள். எங்கள் பின்கோடு பல ஊருக்கும் சேர்த்து ஒன்றுதான். போஸ்ட் ஆபீஸ் இருக்கும் ஊரில் சிக்னல் அருமையாக இருக்கும். 'உங்கள் பகுதியில் சேவை சீராக உள்ளது, புகார் முடித்து வைக்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்தது. அந்த எஸ்எம்எஸ்ஸையும் மாடிக்குப் போய்த்தான் படித்தேன்.

அடுத்த முறை பேசிய தம்பி நல்ல மாதிரி. வைஃபை காலிங் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு வீட்டுக்கு ஒரு பிராட்பேண்டு இணைப்பு வேண்டும். செலவு குறையட்டும் என்று கம்பெனி மாறியவளுக்கு மாசாமாசம் இன்னொரு பில். எங்கள் தெருவுக்கு ஃபைபர் கேபிள் வரவும் இல்லை. ஊரில் இன்னொருவர் ஆன்லைனில் பூஸ்டர் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். தனியாள் அனுமதியில்லாமல் சிக்னல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி தப்பு, சுற்றி இருப்பவர்களின் சிக்னலையும் அது கெடுக்கும். அந்தப் பேச்சே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சரி, பழைய கம்பெனிக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தால் அங்கேதான் உங்கள் விதி நிற்கிறது. ஒரு தடவை மாறிய நம்பர், புது இடத்தில் உயிர் பெற்ற நாளிலிருந்து 90 நாள் முடியாமல் மறுபடி மாற முடியாது. எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். விசைப்படகை எல்லாம் கட்டிப்போடும் தடையே அவ்வளவுதான். இது அதைவிட ஒரு மாதம் நீளம்.

விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இலவசத்தைப் பார்த்து வாரத்துக்கு ஒரு கம்பெனி என்று தாவிக்கொண்டிருந்தால் யாருக்கும் கட்டாது. சிம் மோசடியைத் தடுக்க, சிம் மாற்றி வாங்கினால் ஏழு நாள் கழித்துத்தான் போர்ட் கோடு கிடைக்கும் என்று 2024 ஜூலையில் வந்த கட்டுப்பாடும் நியாயமானது. ஆனால் நான் சொல்லும் ஆள் தாவுகிறவர் இல்லை, மோசடிக்காரரும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய சேவை வீட்டுக்கு வராத ஆள். அவரையும் இவர்களோடு சேர்த்து ஒரே விதியில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். புகார் கொடு, மேல்முறையீடு செய் என்றால், மேல்முறையீட்டுக்கு மட்டும் 39 நாள் அவகாசம் இருக்கிறது. அது முடிந்து பதில் வரும்போது 90இல் பெரும்பங்கு கரைந்திருக்கும். பிறகு அந்த வெற்றி எதற்கு?

பணக் கணக்கும் பாருங்கள். போர்ட் ஆனால் பழைய கம்பெனியில் மிச்சமிருந்த பேலன்ஸும் வேலிடிட்டியும் போய்விடும். கூட வராது. புது இடத்தில் 84 நாள் பேக் போட்டால் 90க்கு ஆறு நாள் குறைகிறது. நம்பருக்கு உயிர் இருக்க வேண்டுமே என்று, வேண்டாத கம்பெனிக்கே இன்னொரு ரீசார்ஜ். ஜன்னல் கம்பியில் தொங்கும் செல்லுக்கு ரெண்டு தடவை காசு.

உங்கள் 2024ஆம் ஆண்டு சேவைத் தர விதிமுறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அக்டோபரில் அது அமலுக்கு வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. எந்த இடத்தில் 2ஜி, எங்கே 4ஜி, எங்கே 5ஜி என்று ஒவ்வொரு கம்பெனியும் வரைபடம் வெளியிட வேண்டும் என்று சொன்னீர்கள். ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை விழுந்தால் சந்தாதாரருக்கு ஈடு தர வேண்டும் என்றீர்கள். இரண்டும் நல்லது. ஆனால் எங்கள் வீட்டில் எதுவும் விழவில்லை, எழவே இல்லை. விழுந்தால் ஈடு உண்டு, எழாததற்கு விதியில் இடம் இல்லை. அழைப்புத் துண்டிப்பு 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற அளவுகோலும் அப்படித்தான். பேசும்போது அறுந்துபோன அழைப்பு அதில் ஏறும். சிக்னல் இல்லாததால் எனக்கு வந்து சேராத அழைப்பு எந்தத் துண்டிப்புக் கணக்கிலும் ஏறாது. ஆக, என்னைப் போன்றவர்கள் அதிகமாக அதிகமாக அந்தக் கம்பெனியின் துண்டிப்பு சதவீதம் கெடாமல் அழகாகவே இருக்கும்!

வரைபடத்தில் நிறம் பூசுவதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். தெருவில் நின்றால் கிடைக்கும் சிக்னல் ஒன்று, கான்கிரீட் கூரைக்குள் கிடைப்பது வேறு. கீழக்கரைப் பழைய வீடுகளின் சுவர்க் கனத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டினால் குடை போட்ட தம்பி "ஃபுல்லா இருக்கு" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, படத்தில் இருந்ததைச் சொன்னார். வெளியே மட்டும் கிடைக்கும் இடத்துக்கு ஒரு நிறம், வீட்டுக்குள்ளும் கிடைக்கும் இடத்துக்கு வேறு நிறம் என்று கம்பெனிகளுக்குச் சொல்லுங்கள். எங்கள் வீடு எந்த நிறத்தில் இருக்கிறது என்று போர்ட் விண்ணப்பத்திலேயே எழுதி, நாங்கள் பார்த்துக் கையெழுத்துப் போடும்படி இருக்கட்டும். உங்கள் ஆய்வுக் குழுவினர் காரில் போய்ச் சாலையில் அளக்கும்போது மதுரை–தனுஷ்கோடி நெடுஞ்சாலையோடு நின்றுவிடாமல், இறங்கி மீனவர் குடியிருப்புக்குள் ஒரு தெரு நடந்தால் போதும், வரைபடம் எவ்வளவு சரி என்று தெரிந்துவிடும்.

இதைப் படிக்கும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. மாறும் யோசனை இருந்தால், போர்ட் செய்வதற்கு முன்னால் அந்தக் கம்பெனியில் புது நம்பராக ஒரு மலிவு சிம் வாங்கி, செல்லின் இரண்டாவது இடத்தில் போட்டுக் கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள். அடுப்படியில், படகில், பிள்ளை படிக்கும் அறையில் எல்லாம் பார்த்துவிட்டுப் பிறகு 1900க்கு எஸ்எம்எஸ் போடுங்கள். அரசின் தரங் சஞ்சார் தளத்தில் நம் ஊரைத் தேடினால் பக்கத்தில் எங்கெங்கே கோபுரம் இருக்கிறது என்றும் பார்க்கலாம். வீட்டில் பழைய போன் இருந்தால், புதுக் கம்பெனியின் அலைவரிசையையும், 4ஜியிலேயே பேசும் வோல்ட்டி வசதியையும் அது பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் மாமியாரின் செல்லுக்கு அந்தச் சிக்கலும் சேர்ந்துகொண்டது, அது தனிக் கதை.

ஆணையத்திடம் வருகிறேன். 90 நாள் விதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதில் ஒரு விலக்குச் சேருங்கள் என்கிறேன். மாறிய ஒரு மாதத்துக்குள் சந்தாதாரர் தன் முகவரியில் சிக்னல் இல்லை என்று புகார் கொடுக்கிறார் என்று வையுங்கள். கம்பெனி ஆள் அனுப்பி வீட்டுக்குள் அளக்கட்டும், அல்லது சந்தாதாரரின் செல்லிலிருந்தே அளவு எடுத்துக்கொள்ளட்டும். பதினைந்து நாளில் சரிசெய்தால் நல்லது. முடியாது என்றால், "இந்த முகவரியில் எங்களால் தர முடியவில்லை" என்று ஒரு எஸ்எம்எஸ். அந்த எஸ்எம்எஸ் வந்த நம்பருக்கு 90 நாள் கணக்கு பொருந்தாது, உடனே போர்ட் கோடு கொடுக்கலாம். பதினைந்து நாளில் பதிலே வராவிட்டாலும் அப்படித்தான். இதில் மோசடிக்கு இடமில்லை, ஏனென்றால் அதே ஆள், அதே நம்பர், அதே முகவரி. கம்பெனிக்கும் தன் வரைபடத்தில் எங்கே ஓட்டை என்று காசு செலவில்லாமல் தெரிந்துவிடும். தாவுகிறவர்கள் இதைச் சாக்காக்குவார்கள் என்று பயந்தால், ஒரு நம்பருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை என்று வரம்பு வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு, அது உங்கள் கையில் மட்டும் இல்லை என்றாலும் பரிந்துரைக்கலாம். 2025 ஜனவரியில், ஊரகத் தொலைத்தொடர்புக்கான அரசு நிதியான டிஜிட்டல் பாரத் நிதியில் கட்டிய 4ஜி கோபுரங்களை ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளின் சந்தாதாரர்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை மத்திய அரசு தொடங்கியது. தன் கம்பெனிக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் அந்தக் கோபுரத்தின் வழியே பேசலாம். அதே ஏற்பாட்டைத் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எங்கள் கடலோரக் குடியிருப்புகளில், யார் கட்டிய கோபுரமாக இருந்தாலும், செய்தால் யார் எந்தக் கம்பெனி என்ற கேள்வியே பாதி குறையும். 2017 நவம்பரில் ஒக்கி வந்தபோது கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராமல் என்ன ஆனது என்று குமரிக் கடற்கரைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். இப்போது புயல் எச்சரிக்கை செல்லுக்கே வருகிறது. விசைப்படகுக்காரர்களிடம் வேறு கருவிகளும் இருக்கலாம், நாட்டுப்படகுக்கு அநேகமாகச் செல்தான். கடலில் லைன் இருக்கிறதே என்று மேலே சொன்னேன். புயல் நாளில் கரையில் இருப்பவருக்கும் லைன் இருந்தால்தான் யாரார் திரும்பவில்லை என்று கேட்டுக்கொள்ள முடியும்.

நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் விதியில் அடுத்த திருத்தத்துக்குக் கலந்தாய்வுத் தாள் வெளியிடும்போது, இந்த விலக்கையும் ஒரு கேள்வியாகச் சேருங்கள். தாளின் சுருக்கத்தைத் தமிழில் ஒரு பக்கமாவது போடுங்கள். நேரில் கருத்துக் கேட்கும் கூட்டம் பெருநகரங்களில் மட்டும் நடத்தாமல், ஒன்றை ராமநாதபுரத்தில் வையுங்கள். தடைக்காலத்தில் வைத்தால் ஆண்களும் வருவார்கள். கூட்டத் தேதியை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தென்கடல் கரையிலிருந்து ஒரு சந்தாதாரர்